வேன்ல வந்து போட்ட ஓட்டு

பட்டணத்துல இருக்கிற நம்மூர்க்காரங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, சொல்லிடுறேன்.

2016 அக்டோபர்ல பஞ்சாயத்துப் பதவிக்காலம் முடிஞ்சுது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பர்ல தான். மூணு வருசத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்கு எரியலைன்னா யாரைக் கேக்கறதுன்னே தெரியாம கிடந்தோம். ஏன் தேர்தல் வைக்கலைன்னு அப்போ உங்கள்ல ஒருத்தரும் வாய் திறக்கலை. தேர்தல் வந்ததும் வேட்பாளர் அனுப்பின வேன்ல வந்து இறங்கினீங்க. பிரியாணி சாப்பிட்டு, 'நம்ம ஆளு'ன்னு குத்திட்டு, ராத்திரியே கிளம்பிட்டீங்க.

ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஆளைப் பார்த்துப் போடட்டும்னு தான் அந்த ஏற்பாடு. நீங்க பார்த்தது சாதியும் பங்காளி முறையும். சின்ன ஊர்ல ரெண்டு வேன் ஓட்டு முடிவையே மாத்திடும். அந்த வேன் வாடகையை ஜெயிச்சவர் எங்கே எடுப்பார்? எங்க வாய்க்கால்லயும் ரோட்டுலயும் தான்.

குடியிருக்கிற இடத்துல தான் ஓட்டு இருக்கணும்னு சட்டம். பேரை அங்கே மாத்திக்குங்க. மனசு வரலையா? அப்போ கிராம சபைக்கு வாங்க. வருசத்துக்கு ஆறு தடவை நடக்குது. பொங்கலுக்கு வர்றீங்கல்ல, ஜனவரி 26க்கும் வந்து வரவு செலவுக் கணக்கைக் கேளுங்க.

அதுக்கு யாரும் வேன் அனுப்ப மாட்டாங்க. பஸ்ஸுல தான் வரணும்.