மொட்டைக் கழுத்துக் கோழிக்காக ஒரு வக்காலத்து

மொட்டைக் கழுத்துக் கோழி என்றதும் நம் மாணவ நண்பர்களுக்குச் சிரிப்பு வருகிறது. “அது சீக்குக் கோழியல்லவா?” என்று கேட்பவர்களும் உண்டு. கழுத்தில் இறகின்றிச் சிவந்த தோலோடு திரியும் இக்கோழியைக் குமரி மாவட்டத்திலும் அடுத்துள்ள திருவனந்தபுரம் பகுதியிலும் வீட்டுப் புறவாசல்களில் காணலாம். 1956-ல் நடுவே மாநில எல்லை வந்தது. கோழி அதை மதித்ததாகத் தெரியவில்லை!

அந்த மொட்டை நோயன்று. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைப் பிளந்து இரைத்தும், இறகற்ற தோல் வழியாகவுமே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கழுத்தை மொட்டையாக்கும் மரபணு உடலெங்கும் இறகைக் குறைக்கிறது. தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் 20 முதல் 30 விழுக்காடு. இருவரிடமிருந்தும் வந்தால் ஏறத்தாழ 40. பங்குனி வெயிலில் பண்ணைக் கோழி தீனியை வெறுத்து மூச்சிரைக்கும்போது, இது தென்னை மூட்டைக் கிளறிக்கொண்டிருப்பதன் இரகசியம் இதுதான்.

நாம் சிரிக்கிறோம். பிரான்சு நாட்டிலோ, குறைந்தது 81 நாள் வளர்த்து ‘லேபல் ரூழ்’ என்ற தர முத்திரையுடன் கூடுதல் விலைக்கு விற்கும் கோழிகளில் மொட்டைக் கழுத்து வகை பெயர் பெற்றது. இஸ்ஸத்நகரிலுள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையமும் இந்திய மொட்டைக் கழுத்துக் கோழியைக் கலந்தே ‘ஹிட்காரி’ என்ற கோழியை உருவாக்கியது.

“அதுதான் ஊரில் நிறையத் திரிகிறதே, பிறகென்ன கவலை?” எனலாம். ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது. இம்மரபணு ஓங்கு தன்மை உடையது. முட்டைக்கென வளர்த்த பண்ணைச் சேவலோடு சேர்ந்து பிறந்த குஞ்சுக்கும் கழுத்து மொட்டையாகவே இருக்கும். ஆனால் அடைகிடக்கும் குணமும், பருந்தின் நிழலைக் கண்டதும் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுக்கும் சாமர்த்தியமும் தலைமுறைக்குத் தலைமுறை தேயும். கழுத்து மிஞ்சும்; கோழி மிஞ்சாது.

நம் விலங்கியல் மாணவர்கள் ஒரு விடுமுறையில் தத்தம் ஊரில் கணக்கெடுத்தால் என்ன? கழுத்தின் முன்புறம், இரைப்பைக்கு மேலே, சிறு இறகுக் கொத்து இருந்தால் அது அந்த மரபணுவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்றது. கொத்து அறவே இல்லாததும், தானே அடைகாத்துக் குஞ்சு பொரித்ததுமான கோழி எந்த வீட்டில் உண்டு என்று குறித்துக்கொள்ளலாம். அவ்வீட்டாரிடம் சேவல் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். போகிறவர்கள் அந்தி சாய்ந்து, கோழி கூடடைந்த பிறகு போவது நல்லது. பகலில் துரத்திப் பிடிக்க நம்மால் ஆகாது.