அரங்கும் ஆட்டக்காரனும்

1982-ஆம் வருஷம் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் பந்தயங்களுக்காகப் பெரும் பொருட்செலவில் அரங்குகள் எழும்பின. பந்தயங்கள் முடிந்தபின் அவற்றைப் பராமரிக்க ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. 1984-இல் இந்திய விளையாட்டு ஆணையம் ஸ்தாபிக்கப்பட்டதற்கு அதுவும் முக்கிய காரணம். அந்தப் பிறவிக் குணம் அதனிடம் இன்னும் எஞ்சியிருக்கிறதென்றே நாம் கருதுகிறோம். அது பயிற்சி நிலையங்களும் நடத்திவருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆட்டக்காரன் அரங்கில் முளைப்பதில்லை, ஊர்ப் பொட்டலில் முளைக்கிறான்.

ஹாக்கியில் நேர்ந்த கதியை யார் அறியார்? 1928 முதல் பல்லாண்டு எதிரியின்றி ஆண்ட நம் தேசம், 1976-இல் மாண்ட்ரீலில் செயற்கைத் தரை வந்ததும் ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று. அயல்நாட்டார் புதுத் தரையில் பழக, நம் வாலிபர்கள் புழுதியிலேயே பழகினர். 1980-இல் பெற்ற தங்கமும் பல பெரிய அணிகள் வராத பந்தயத்தில் கிடைத்ததே. அடுத்த பதக்கம் 2021-இல்தான் வந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்னர், 2018-இல், தேசிய அணிகளைப் போஷிக்க முன்வந்தது ஒடிஸா சர்க்கார். பணமே பதக்கமாயிற்றென்று நாம் சொல்லவில்லை.

தாலுகாதோறும் ஒரு நல்ல தரை, ஒழுங்காகச் சம்பளம் பெறும் ஒரு பயிற்சியாளர், ஏழைச் சிறுவனைத் தடுக்காத ஒரு வாயில்: இவற்றுக்கு ஆணையம் எவ்வளவு ஒதுக்குகிறதென்பதைப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கேட்டு வாங்கவேண்டும்.