மேற்படிப்புக்குக் காணியை விற்க வேண்டுமா?

வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் செமினறியை நிறுவியபோது, அங்கு பயின்ற தமிழ் மாணவர் பலரின் செலவைக் கடலுக்கு அப்பாலிருந்த நன்கொடையாளர்கள் ஏற்றனர். அந்த உதவிக்கு ஒரு விலை இருந்தது. பணம் தந்தவரின் பெயரை மாணவன் தன் பெயராகத் தாங்கினான். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர்கள் அவ்வழக்கத்தின் அடையாளங்கள். அங்குக் கற்ற விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையுமே பின்னர் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர்.

அன்று பெயரைக் கொடுத்துக் கற்றான் தமிழன். இன்று காணியைக் கொடுத்துக் கற்கின்றான்!

இது மிகைப்பட்ட கூற்றன்று. வடக்கிலும் கிழக்கிலும் எந்த ஊரிலேனும் விசாரித்துப் பாருங்கள். ஓராண்டு முதுமாணிப் படிப்புக்காக இங்கிலாந்து சென்ற பிள்ளையின் பொருட்டு, பாட்டன் வைத்த வளவு ஈட்டிலிருக்கும். தாயின் தாலிக்கொடி அடைவு கடையிலிருக்கும். அங்குள்ள பல்கலைக் கழகங்கள் பலவற்றில் வெளிநாட்டு மாணவனின் கட்டணம் 15,000 பவுணுக்கு மேற்பட்டது. பவுண் ஒன்று 400 ரூபாவென்று கொண்டால், கட்டணம் மட்டும் 60 இலட்சம். விசா பெறுவதற்கு வாழ்க்கைச் செலவுப் பணமும் வங்கியிலே தொடர்ச்சியாக 28 நாட்கள் கிடக்க வேண்டும். அப்பணத்தை வட்டிக்கு வாங்கிக் காட்டுவோரும் உளர். 2022ஆம் ஆண்டு நமது ரூபா சரிந்து, டொலர் ஒன்று சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவையும் தாண்டியபோது, கடன்பட்டுப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை.

பிரித்தானியா எப்போதும் இவ்வாறிருந்ததில்லை. பிறநாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம் அங்கு 1967இல் புகுந்தது. முழுச் செலவையும் அவர்களிடமே அறவிடும் முறை 1980இல் வந்தது. டென்மார்க் 2006இலும், சுவீடன் 2011இலும், பின்லாந்து 2017இலும், நோர்வே 2023இலும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் கட்டணம் கேட்கத் தொடங்கின. திறந்திருந்த கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன என்பது உண்மையே.

ஆயினும், திறந்திருக்கும் கதவுகளையேனும் நாம் தட்டுகின்றோமா? இதுவே எமது கேள்வி.

அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில், சிறப்பாக விஞ்ஞானத் துறைகளிலும் பொறியியலிலும், கலாநிதிப் பட்டத்துக்கு அனுமதி பெறும் மாணவன் பெரும்பாலும் கட்டணம் கட்டுவதில்லை. கற்பித்தலிலோ ஆராய்ச்சியிலோ துணை புரிகின்றான்; அதற்காக அவனுடைய கட்டணம் நீக்கப்படுகின்றது; மாதந்தோறும் ஊதியமும் கிடைக்கின்றது. இது தருமம் அன்று, உழைப்புக்குரிய கூலி. நான்காண்டுச் சிறப்புப் பட்டம் பெற்றவன், முதுமாணிப் பட்டம் இல்லாமலே அங்கு நேரடியாக விண்ணப்பிக்கவும் வழியுண்டு. ஜேர்மனியில் அரசினர் பல்கலைக் கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் அறவிடுவதில்லை. கலாநிதி மாணவர் பலர் அங்குச் சம்பளம் பெறும் ஊழியராகவே வேலை செய்கின்றனர். ஜப்பானிய அரசாங்கம் 1954 முதல் கட்டணம், மாதப்படி, விமானச் செலவு ஆகியவற்றைத் தந்து மாணவரை அழைத்து வருகின்றது. பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள், புல்பிறைற், செவனிங், இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் என வேறும் பல உள.

இவற்றுள் பல்கலைக் கழகத் துறைகள் நேரடியாகத் தரும் நிதிக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. அதற்கு மந்திரியின் சிபார்சுக் கடிதம் வேண்டியதில்லை; பாராளுமன்ற உறுப்பினரின் வாசலிலே காத்து நிற்க வேண்டியதில்லை. எழுபதுகளில் தரப்படுத்தல் என்ற பெயரால் நம் பிள்ளைகளின் புள்ளிகளுக்கு நேர்ந்த கதியும் இங்கு இல்லை. மாணவன் எழுதிய ஆய்வையும், அவனை அறிந்த ஆசிரியரின் கடிதத்தையும் பார்த்தே தீர்மானிக்கின்றனர். அரசியலால் வஞ்சிக்கப்பட்டோம் என்று நியாயமாகவே குரலெழுப்பும் நாம், அரசியலின் கை எட்டாத இந்த வாயிலை ஏன் கண்டுகொள்ளாதிருக்கின்றோம்?

காரணம், திறமைக் குறைவன்று. காணியை ஈடு வைக்கும் பத்திரத்திலே கையொப்பமிடும் தந்தைக்கு இவ்விவரங்களைத் தமிழில் எடுத்துச் சொல்வார் யாருமில்லை. அவருக்குத் தெரிந்தவர் முகவர் ஒருவரே. மாணவனைச் சேர்த்துவிட்டால் தரகு தரும் பல்கலைக் கழகங்களின் பெயர்களையே முகவர் சொல்வார். ஊதியம் தந்து படிப்பிக்கும் துறையின் பெயரை அவர் ஏன் சொல்லப்போகின்றார்?

அடுத்த தடை, முதற் செலவு. அமெரிக்காவில் ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 75 முதல் 100 டொலர் வரையாகும். எட்டு இடங்களுக்கு எழுதினால் ஏறத்தாழ 700 டொலர். இன்றைய மதிப்பில் இரண்டு இலட்சம் ரூபாவுக்கு மேல். ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம் வேறு. ஐந்தாண்டுப் படிப்பை இலவசமாகத் தரக் காத்திருக்கும் வாயிலிலே, தட்டுவதற்குரிய காசின்றித் திரும்புகின்றான் விவசாயியின் மகன்!

ஆகவே, நாம் மூன்று காரியங்களை வலியுறுத்துகின்றோம்.

முதலாவது, யாழ்ப்பாணம், வவுனியா, வந்தாறுமூலை, ஒலுவில் ஆகிய இடங்களிலுள்ள பல்கலைக் கழகங்கள் ஒவ்வொன்றிலும் வெளிநாட்டு மேற்படிப்புக்கென முழுநேர உத்தியோகத்தர் ஒருவர் இருத்தல் வேண்டும். மூன்றாம் ஆண்டிலேயே மாணவரை அழைத்து, எந்த நாடு, எந்தத் துறை, எந்த மாதம் என்பதை அவர் விளக்க வேண்டும். அமெரிக்க விண்ணப்பங்கள் பலவற்றுக்கு மார்கழியே இறுதி மாதம் என்பதைத் தையிலே அறிந்து யாருக்கு என்ன பயன்? பெற்றோருக்கும் தமிழிலே கூட்டங்கள் நடத்த வேண்டும். விரிவுரையாளர்களும் தங்கள் சிபார்சுக் கடிதங்களை உரிய நாளிலே அனுப்புவதைச் சலுகையாகக் கருதாது கடமையாகக் கருத வேண்டும்.

இரண்டாவது, புலம்பெயர்ந்த நாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் கட்டித் தந்த மண்டபங்களையும் மதில்களையும் நாம் குறைகூறவில்லை. ஆனால் ஒரு கோடி ரூபாவை ஒரு சுழல் நிதியாக ஒதுக்குங்கள். ஆளுக்கு இரண்டரை இலட்சமாக நாற்பது மாணவருக்கு அது முதற் செலவாகும். ஊதியம் பெறத் தொடங்கியதும் அவர்கள் திருப்பிச் செலுத்தட்டும். அதே பணம் அடுத்த நாற்பது பேருக்குப் போகட்டும். அனுமதி கிடைக்காதவனிடம் பணத்தைத் திருப்பிக் கேளாதீர்கள்.

மூன்றாவது, அரசாங்கத்திடம் ஒரு கோரிக்கை. சம்பளத்துடன் விடுமுறை பெற்று வெளிநாடு செல்லும் இளம் விரிவுரையாளர், திரும்பி வருவதாக உடன்படிக்கை எழுதிப் பிணையாளரையும் காட்ட வேண்டியுள்ளது. உடன்படிக்கை நியாயமானதே. ஆனால் செல்வாக்கில்லாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பிணை நிற்பவர் யார்? பிணையாளர் இல்லை என்பதால் எவரும் வாய்ப்பை இழவாதபடி, அதற்கொரு காப்புறுதித் திட்டம் வகுப்பது அரசின் பொறுப்பு.

“போனவன் திரும்பி வருவானா?” என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வி. எமது மறுமொழி இதுவே: கடனே அவனைத் திரும்பவிடாது தடுக்கின்றது, கல்வியன்று. அறுபது இலட்சம் கடனோடு சென்றவன் அதை அடைக்கும் வரை அந்நிய மண்ணிலே இரவு வேலை செய்தாக வேண்டும். கடனில்லாமல் கற்றவனுக்கே திரும்பி வரும் சுதந்திரம் உண்டு. புல்பிறைற், செவனிங் போன்றவை படிப்பு முடிந்தபின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டுமென்றே விதித்திருக்கின்றன.

இதிலே பொய் நம்பிக்கை ஊட்ட நாம் விரும்பவில்லை. 2025இல் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதிகளை வெட்டியது. பல்கலைக் கழகங்கள் பல கலாநிதி அனுமதிகளைக் குறைத்தன. ஜேர்மனியிலும் 2024 முதல் மாணவன் ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கு கணக்கிலே காட்ட வேண்டியுள்ளது. புலமைப்பரிசிலோ சம்பளமோ பெறுபவனுக்கு அதிலிருந்து விலக்குண்டு. ஆதலின் ஒரே நாட்டை நம்பியிருத்தல் தகாது. விண்ணப்பித்தோர் அனைவருக்கும் கிடைக்கும் என்றும் நாம் சொல்லவில்லை. விண்ணப்பிக்காதவனுக்கு ஒருபோதும் கிடைக்காது என்றே சொல்கின்றோம்.

தாமோதரம்பிள்ளையின் காலத்தில் நம் மாணவருக்கு வழிகாட்ட அந்நியர் வந்தனர். இன்று வழி தெரிந்தவர் நம்மிடையே நூற்றுக்கணக்கில் உளர். அவர்கள் வாய் திறப்பார்களா? அல்லது, இன்னொரு காணி ஏலத்துக்கு வரும் வரை வாளாவிருப்பார்களா?