மூன்று மாதம் தாண்டியதா குற்றம்?

புற்றுநோய் முற்றிய கைதியை விடுவிக்கலாமா என்ற பேச்சு எழுந்தால் போதும், அல் மெக்ராஹியின் பெயரைச் சொல்லி வாயடைத்துவிடுகிறார்கள். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர் மீது விமானம் வெடித்து 270 பேர் மாண்ட வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற லிபியர் அவர். புராஸ்டேட் புற்றுநோய் முற்றியதால் ஸ்காட்லாந்து அரசு 2009 ஆகஸ்ட் 20 அன்று அவரை விடுவித்தது. மூன்று மாதம்தான் என்றார்கள். 2012 மே 20 வரை இருந்தார். ஆகவே மருத்துவர்கள் பொய் சொல்லிவிட்டார்களாம்.

இத்தகைய விடுதலைக்கு வழிசெய்யும் 1993ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தில் மூன்று மாதக் கெடு என்று எதுவும் இல்லை. அன்றைய வழிகாட்டுக் குறிப்பில்தான் அது வந்தது, அதுவும் ஒரு பொருத்தமான கால அளவாக. சிறைத்துறை மருத்துவர் தந்ததும் மதிப்பீடுதான். அறிவியல் எழுத்தாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வந்த புற்றுநோயில் பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள் என்பதே அன்றைய கணக்கு. அவர் 2002 வரை வாழ்ந்தார். இறந்தது வேறொரு புற்றுநோயால். அவரை யாரும் மோசடிக்காரர் என்று சொல்லவில்லை. மெக்ராஹியோ அதே நோயில்தான் செத்தார்.

லிபிய எண்ணெய்க்காக நடந்த பேரம் என்கிறார்கள். லண்டனைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. லிபியாவுடனான கைதிகள் பரிமாற்ற ஒப்பந்தத்தை விரைவுபடுத்தும்படி பிரிட்டிஷ் அரசிடம் பேசியதை பிபி நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த ஒப்பந்தப்படி லிபியா கொடுத்த மனுவை ஸ்காட்லாந்து நீதி அமைச்சர் கென்னி மக்காஸ்கில் தள்ளுபடி செய்தார். தண்டனை முழுதும் ஸ்காட்லாந்திலேயே கழியும் என்று மாண்டவர்களின் அமெரிக்கக் குடும்பங்கள் நம்பியிருந்ததைக் காரணம் காட்டினார். பேரத்துக்குப் பணிந்தவர் அந்த மனுவில்தானே கையெழுத்திட்டிருப்பார்?

லிபியாவுக்கு அனுப்பாமல் ஸ்காட்லாந்திலேயே வைத்துப் பார்த்திருக்கலாமே? சிறைக்கு வெளியே ஒரு வீட்டில் வைக்கக் குறைந்தது 48 போலீசார் வேண்டும் என்றது காவல்துறை. சிறைக்குள் என்றால், எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலி நள்ளிரவில் ஏறும்போது பூட்டிய அறைக்கு மார்பின் யார் கொண்டுவருவது?

மெக்ராஹி யாருக்காவது இரக்கம் காட்டினாரா என்று கேட்பவர்களிடம் மட்டும் என்னால் உரக்கப் பேச முடியாது. திரிப்போலி விமான நிலையத்தில் கொடியசைத்து வரவேற்றது அருவருப்பு. ஆனால் கைதி நல்லவரா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. 2000 முதல் 2009 வரை இப்படி விடுதலை கேட்டு 30 மனுக்கள் வந்தன, 23 ஏற்கப்பட்டன. மீதி ஏழு மருத்துவச் சான்று போதாமல் தள்ளப்பட்டவை. இப்படி விடுதலையானவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் விமான நிலையமும் கேமராவும் காத்திருந்தன.