காலேஜ்தானே என்றவர்களுக்கு

மலாக்காவின் பாயா ரும்புட் வட்டாரத்தில் மாணவர் பரிசளிப்பு என்றால் மாலை, பொன்னாடை, அப்புறம் அந்தப் பேச்சு. பேசுகிறவர் மாறுவார், பேச்சு மாறாது. டாக்டருக்குப் படி, லாயருக்குப் படி. டுரியான் துங்காலில் இருப்பது வெறும் கைவேலைக் காலேஜ், பெயரை மாற்றிக்கொண்டு யுனிவர்சிட்டி என்கிறது. இவ்வளவுதான் சாரம். பெற்றோர்கள் தலையாட்டுவார்கள். எனக்குக் காது புளித்துப் பல வருடமாகிறது.

'காலேஜ்தானே' என்ற இளக்காரத்தை முதலில் பார்ப்போம். 2000 டிசம்பர் 1இல் 'கோலெஜ் யுனிவர்சிட்டி டெக்னிக்கல் கெபாங்சாஆன் மலேசியா' என்ற பெயரில் அந்தக் காலேஜ் தொடங்கியபோதே அது நாட்டின் 14ஆவது அரசாங்கப் பல்கலைக்கழகம். 1971இல் வந்த சட்டத்தின் பெயரே 'பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம்'. இரண்டுக்கும் ஒரே பந்தி. பட்டமும் சொந்தப் பட்டம். கொழும்பில் 1921இல் திறந்த யுனிவர்சிட்டி காலேஜில் படித்தவர்கள் லண்டன் தேர்வு எழுதித்தான் பட்டம் வாங்கினார்கள். அதைப் பெரிய படிப்பு என்று நம் பெரியவர்கள் வாய்நிறையச் சொல்வார்கள். லண்டனிலேயே 1826இல் தோன்றிய யுனிவர்சிட்டி காலேஜ் இன்றும் காலேஜ் என்ற பெயரோடுதான் இருக்கிறது. அங்கே போய் 'வெறும் காலேஜ்' என்று சொல்லிப் பாருங்கள்.

2007 பிப்ரவரியில் டுரியான் துங்கால் கல்லூரி 'யூடெம்' என்ற பல்கலைக்கழகமாகப் பெயர் மாறியது. பத்து பஹாட், பெர்லிஸ், திரெங்கானு, பஹாங் கல்லூரிகளும் அதே ஆண்டில் பெயர் மாறின. மலாக்கா மட்டும் ஏதோ திருட்டுத்தனம் செய்ததுபோல் பேசுவது வேடிக்கை.

நம் பிள்ளைகளுக்கு அங்கே இடம் கிடைக்காது என்பார்கள். விண்ணப்பமே போடாதவனுக்கு எங்கேயும் கிடைக்காது.

இனி அந்தக் 'கைவேலை'. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பத்து பெரெண்டாமில் சீமென்ஸ் ஆலை 1973இல் வந்தது. ரப்பர்ப் பால் வெட்டிய குடும்பங்களின் பெண்களும் பேக்டரி பஸ் ஏறினார்கள். ஷிப்ட் முழுக்க உருப்பெருக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு, தலைமயிரைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் இணைக்கிற வேலை. அதை எந்த மேடையும் இழிவாகப் பேசவில்லை. சம்பளம் வீட்டுக்கு வந்ததே! பிறகு கம்பியை இணைக்க இயந்திரம் வந்தது. கண்ணும் விரலும் போதும் என்ற காலம் போய், அந்த இயந்திரத்தை அமைக்க, பழுது பார்க்க, அடுத்ததை வடிவமைக்க ஆள் தேவைப்பட்டது. சீமென்ஸின் சில்லுத் தொழில் 1999இல் இன்ஃபினியான் ஆனது. மறுவருடமே பக்கத்தில் இந்தக் கல்லூரி. மின்னியல், மின்னணுவியல், இயந்திரவியல், அதோடு உற்பத்திப் பொறியியலுக்கென்றே தனிப் புலம். பாட்டி கண்ணைக் கெடுத்துக்கொண்ட தொழிலில் பேத்தி பொறியாளராக நுழைய ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள். நம் பேச்சாளர் அதன் குறுக்கே நின்று ஸ்டெதஸ்கோப்பைக் காட்டுகிறார். பட்டறையில் கை அழுக்காகாத எஞ்சினியரை எந்த ஆலை வேலைக்கு வைத்துக்கொள்ளும் என்று அவரையே கேட்க வேண்டும்.

டாக்டர் என்றால் நிரந்தர வேலையாம். 2016 கடைசியிலிருந்து அரசாங்கம் புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுத்ததும், 2021 ஜூலை 26இல் அவர்கள் கறுப்புச் சட்டையோடு மருத்துவமனை வாசலுக்கு வந்து நின்றதும் அவர் காதில் விழவில்லை போலும்.

படிவம் ஆறு முடித்த பெண் பல்கலைக்கழக நுழைவுக்கான யூபியூ விண்ணப்பத்தில் உற்பத்திப் பொறியியலை முதல் தெரிவாகப் போட்டால் வீட்டில் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணம்தான். வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. டுரியான் துங்கால் இங்கிருந்து மோட்டாரில் போய் வருகிற தூரம்.