குக்கர் விசிலும் நெய்வேலி கொதிகலனும்

"மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு!" – நம் வீடுகளில் தினமும் கேட்கும் குரல். இந்த குக்கருக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. பிரெஞ்சுக்காரரான டெனிஸ் பாப்பின், 1679-ல் எலும்பையும் குழைய வேகவைக்கும் நீராவிப் பாத்திரத்தை லண்டனில் செய்து காட்டினார். அது வெடித்துவிடாமல் இருக்க அவர் பொருத்தியதுதான் எடை வைத்த சேஃப்டி வால்வு.

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படிப்பவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாடம் இது. குக்கருக்குள் சுமார் 120 டிகிரி. அங்கே நீராவி 500 டிகிரியைத் தாண்டும். கொதிகலன் வேலை எத்தனை ஆபத்தானது என்பதை, 2020 மே, ஜூலை மாதங்களில் தொழிலாளர்களைப் பலிகொண்ட விபத்துகளில் நெய்வேலி பார்த்தது.

அங்குள்ள காவல்களில் ஒன்று சேஃப்டி வால்வு. குறித்த அழுத்தத்தில் அது திறக்க வேண்டும்; அழுத்தம் குறைந்ததும் மூட வேண்டும். வால்வு என்ஜினீயரின் கவலையெல்லாம் இதுதான். கசிகிறதே என்று ஸ்பிரிங்கை இறுக்கினால் கசிவு நிற்கலாம்; ஆனால், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. அதனால்தான் சோதித்துப் பார்த்து, யாரும் கை வைக்காதபடி சீல் வைக்கிறார்கள். வருடக்கணக்கில் அது திறக்காமலே இருக்கலாம். அதற்காகச் சோதனையை விட்டுவிட முடியாது.

நம் அடுப்படிக்கும் இதே விதிதான். இன்று குக்கர் வைக்கும் முன், மூடியைத் தூக்கிப் பிடித்து வெயிட் போடும் துளையில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். பருப்பு அடைத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். சமையல் பத்து நிமிடம் தாமதமானால் பரவாயில்லை!