கொஞ்சம் இடம்தானே!

ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் உங்கள் மனசில் என்ன படம் வருகிறது? கூவம் கரையில் ஒரு குடிசை, தார்ப்பாய்க் கூரை, வாசலில் பிளாஸ்டிக் குடம். எதிரே ஒரு பொக்லைன், நாலு போலீஸ்காரர்கள். சரிதானே? டி.வி. நமக்குக் காட்டிப் பழக்கியிருப்பது அதைத்தான்.

இப்போது இன்னொரு இடத்துக்கு வாருங்கள். சர்தார் படேல் சாலை. அடையாறிலிருந்து கிண்டிக்குப் போகும்போது இடது பக்கம் நீளமாக ஒரு மதில் வருகிறதே, அதற்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. கிண்டி தேசியப் பூங்கா. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. 2.7 சதுர கிலோமீட்டர். 426 சதுர கிலோமீட்டர் மாநகராட்சியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அது எப்போதும் இவ்வளவு சின்னதாக இருக்கவில்லை. 1910-ல் இதைக் காப்புக்காடு என்று அறிவித்தபோது பரப்பு 505 ஹெக்டேர். இன்றைக்கு 270. கிட்டத்தட்ட பாதி காணோம்! யார் எடுத்தது? ஒரு குடிசைகூட இல்லை, சார். எடுத்தவர்கள் எல்லோரும் ரொம்பப் பெரிய மனிதர்கள்.

கணக்கைப் பாருங்கள். 1670-களிலேயே கம்பெனி கவர்னர் லாங்ஹார்ன் காட்டுக்குள் தோட்டமும் வீடும் போட்டுக்கொண்டார். மிச்சக் காடு தனியார் ஒருவரிடம் இருந்தது. 1821-ல் அதை 35,000 ரூபாய்க்கு அரசாங்கம் வாங்கியது. சுதந்திரம் வந்தது. 1956-ல் காந்தி மண்டபம். 1958-ல் ஐ.ஐ.டி.க்கு ஒரு பெரிய துண்டு. எழுபதுகளின் நடுவில் ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவிடங்கள். 1961-லிருந்து 1977-க்குள் மட்டும் சுமார் 172 ஹெக்டேர் பல துறைகளுக்குக் கைமாறியது. 1978-ல் மிச்சம் மீதியைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு இலைக்குப் பாதுகாப்புப் போட்ட மாதிரி.

‘அப்படியானால் ஐ.ஐ.டி. வேண்டாம் என்கிறாயா? காமராஜருக்கு நினைவிடம் கூடாது என்கிறாயா?’ என்று நீங்கள் கோபப்படலாம். இல்லை. ஐ.ஐ.டி. வேண்டும். தலைவர்கள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஒன்று கவனித்தீர்களா? ஒவ்வொரு தடவையும் காரணம் உன்னதமாகத்தான் இருந்தது. படிப்பு, தியாகம், தேசம். இதையெல்லாம் எதிர்த்து யார் பேச முடியும்? மரத்துக்கு ஓட்டும் இல்லை, வாயும் இல்லை. எனவே நல்ல காரியத்துக்கு இடம் தேடும்போதெல்லாம் காடுதான் காலி மனையாகத் தெரிந்தது. ‘கொஞ்சம் இடம்தானே!’ என்று ஆளாளுக்குச் சொல்லியே பாதி போய்விட்டது.

காடு காலி மனை இல்லை. கிண்டியில் இருப்பது சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைக் காடு. களாவும் குடைவேலும் காட்டு எலுமிச்சையும் சேர்ந்து வளரும் முள்ளும் புதருமான காடு. ஊட்டிக் காடு மாதிரி உயரமாக, போட்டோவுக்கு அழகாக இருக்காது. ஆனால் இந்த வகைக் காடு இந்தக் கரையில் அங்கங்கே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

அதற்குள் வெளிமான் இருக்கிறது. பெயரிலேயே ‘வெளி’ இருக்கிறது பாருங்கள். அதற்கு அடர்ந்த மரநிழல் தேவையில்லை. திறந்த புல்வெளி வேண்டும். எதிரி வந்தால் தூரத்திலேயே பார்க்க வேண்டும், பார்த்ததும் ஓட வேண்டும். கிண்டிக்குள் போலோ மைதானம் என்று ஒரு புல்வெளி இருக்கிறது. அதுதான் அவற்றுக்குப் பிடித்த இடம். எண்பதுகளின் பின்பாதியில் பூங்காவுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் ஐ.ஐ.டி.க்கும் நடுவே சுவர் எழுந்தது. ஒரே காட்டில் ஓடிய மான்கள் மூன்று வீட்டு மான்கள் ஆயின. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை கேள்விப்பட்டிருக்கிறோம். மானுக்கும் பண்ணி வைத்தோம்.

இதனால் மரம் நடுகிற நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். புல்வெளியைப் பார்த்தால் உடனே குழி தோண்டாதீர்கள். உங்கள் நல்லெண்ணம் வெளிமானுக்கு நெருக்கடி.

‘சரி, மானுக்கு இடம் போச்சு. எனக்கென்ன?’ என்கிறவர்கள் வேளச்சேரிக்காரர்களைக் கேளுங்கள். 2015 டிசம்பரில் அங்கே தெருவில் படகு ஓடியது. அது இந்தக் காட்டுக்குத் தெற்கே இருக்கும் தாழ்வான, ஏரி இருந்த பகுதி. மண்ணும் வேரும் உள்ள இடத்தில் மழை கீழே இறங்கும். சிமென்ட் போட்ட இடத்தில் மழை பக்கத்து வீட்டுக்கு ஓடும். இதற்கு ஐ.ஐ.டி. படிப்பு தேவையில்லை. மாடியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும். மேட்டில் நாம் மூடுகிற ஒவ்வொரு ஏக்கரும் பள்ளத்தில் ஒருவர் வீட்டு ஹாலுக்குள் வரும்.

இங்கேதான் அந்தக் குடிசைப் படத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஆற்றங்கரை ஏழைகளை நீர்வழியை அடைத்தார்கள் என்று சொல்லி கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றினோம். வேலை எங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்கவில்லை. போன இடமும் வெள்ளம் வருகிற இடம். காட்டைப் பாதியாக்கியவர்களுக்கு என்ன தண்டனை? திறப்பு விழாவும் கல்வெட்டும்!

இன்னொரு உதாரணம் காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிண்டி ரேஸ் மைதானம். 160 ஏக்கர் அரசு நிலம், 1945-லிருந்து 99 வருடக் குத்தகை. வருட வாடகை 614 ரூபாய் சொச்சம். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கு! ஒரு குடும்பம் ஓட்டலில் டிபன் சாப்பிட்டால் இன்றைக்கு அந்தப் பில் வரும். 730 கோடி வாடகை பாக்கி என்று அரசு கேட்டது. 2023-ல் ஐகோர்ட்டும் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து, கேட்டுக்குப் பூட்டும் போட்டார்கள். கிளப் கோர்ட்டுக்குப் போனது. அங்கே 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்று அரசு அறிவித்தது.

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் பூங்கா என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். கிரானைட் நடைபாதை, கலர் லைட் நீரூற்று, சிமென்ட் டைனோசர், செல்ஃபி எடுக்க ஒரு இதய வடிவ வளைவு, புட் கோர்ட், அதற்கு பார்க்கிங். இத்தனைக்கும் நடுவில் தொட்டியில் நாலு செடி. இதற்குப் பெயர் பூங்கா என்றால் கல்யாண மண்டபத்துக்கும் பூங்கா என்று பெயர் வைக்கலாம்.

அந்த 118 ஏக்கரில் வேண்டியது ரொம்பச் சுலபமானது, செலவும் குறைவு. வேளச்சேரிக்கு ஓடும் தண்ணீரை நிறுத்தி வைக்கக் குளங்கள். மைதானமாகவே இருக்கிற புல்வெளியைப் புல்வெளியாகவே விடுவது. கரையோரம் நம் ஊர் மரங்கள். ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் எல்லோரும் நடக்க ஒரு மண்பாதை. கேட்டில் டிக்கெட் இல்லாமல்.

காட்டுக்குள் நாம் எல்லோரும் போக முடியாது. சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணையோடு நமக்கு எல்லை. அது நியாயம்தான். நாம் போகாமல் இருப்பதுதான் அந்தக் காட்டுக்கு நாம் செய்கிற உபகாரம். ஆனால் அதே விதி அமைச்சருக்கும் துறைச் செயலாளருக்கும் உண்டா என்பதே கேள்வி. மறுபடியும் யாராவது ஒரு உத்தமமான காரணத்தோடு வருவார்கள். ஆஸ்பத்திரி என்பார்கள், மேம்பாலம் என்பார்கள், இன்னொரு தலைவருக்கு மணிமண்டபம் என்பார்கள். அப்போது காரணம் நல்லதா என்று மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள். ‘போன தடவை எடுத்த கொஞ்ச இடத்துக்கு பதிலாக எங்கே, எத்தனை ஏக்கர் கொடுத்தீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும் உட்காராதீர்கள்.